மனத்தைரியத்தால காயம் கெதியா ஆறுமோ? சனசமூக நிலையக் கூட்டத்துக்கு விபரம் தேவை

ஊர்க்கிணறு:

வாற மாதம் எங்கட சனசமூக நிலையத்தில சீனி வருத்தக்காரர், ஒப்பரேசனுக்குத் திகதி கிடைச்சவை, அவையைப் பாக்கிற வீட்டுக்காரர் எண்டு ஒரு நாற்பது பேருக்குக் கூட்டம் வைக்கினம். எனக்குத் தந்தது அரை மணித்தியாலம், தலைப்பு "மனமும் உடம்பு ஆறுறதும்". வட்ஸப்பில சுத்துறதுகளைப் பாத்தால் ஒரு பக்கம் "மனம் வைச்சால் புற்றுநோயும் கரையும்", மற்றப் பக்கம் "உதெல்லாம் வெறும் பிரமை". ரெண்டையும் சபையில சொல்ல எனக்கு விருப்பமில்லை.

தெரிஞ்ச ஆக்களிட்டைக் கேக்கிறன். பயமும் யோசினையும் காயம் ஆறுறதை உண்மையிலேயே பிந்தப்பண்ணுமோ, ஆரும் அளந்து பாத்திருக்கினமோ? மருந்தே இல்லாத வெறும் மாக்குளிசையில சுகம் வருது எண்டுறது எவ்வளவு தூரம் சரி? அங்கையே செய்து காட்டக்கூடிய ஒரு பயிற்சியும் வேணும், நிமிசக் கணக்கோடை. வாறவையில பாதிப்பேர் அறுபது தாண்டினவை, நிலத்தில இருத்தேலாது.


இரணக்கட்டு:

அளந்திருக்கினம், அதுவும் மில்லிமீற்றர் கணக்கில.

1995 இல அமெரிக்காவில ஒஹையோவில ஜனிஸ் கீகோல்ட்-கிளேசர் எண்ட உளவியலாளரும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு. மறதிநோய் வந்த சொந்தக்காரரை வீட்டில வைச்சுப் பாக்கிற 13 பெண்கள், அதே வயதில அந்தச் சுமை இல்லாத 13 பெண்கள். எல்லாருக்கும் கையில 3.5 மில்லிமீற்றர் அகலத்தில ஒரே அளவாத் தோலை எடுத்துப்போட்டுக் காயம் முழுசா மூடுமட்டும் பாத்தினம். சுமை இல்லாதவைக்குச் சராசரி 39 நாள் சொச்சம், மற்றவைக்கு 48 நாள் சொச்சம். 1998 இல பல் மருத்துவ மாணவர் 11 பேரின்ரை மேலண்ணத்தில இதே அளவுக் காயத்தை ஒருக்கால் கோடை விடுமுறையிலயும் ஒருக்கால் சோதனைக்கு மூண்டு நாள் முந்தியும் போட்டுப் பாத்தினம். சோதனை நேரத்துக் காயம் ஆற 40 வீதம் கூடுதலா நாள் எடுத்துது. பதினொரு பேரில ஒராள்கூட விதிவிலக்கில்லை.

ஏன் எண்டதைச் சபைக்கு விளங்கப்படுத்த லேசான வழி, பிரெட்னிசொலோன் எண்ட ஸ்ரீரொயிட் குளிசை. முட்டுக்கும் (ஆஸ்துமா) வாதத்துக்கும் அதை மாசக்கணக்காக் குடிக்கிறவைக்குக் காயம் மாறப் பிந்தும் எண்டு கிளினிக்குக்குப் போறவைக்குத் தெரியும். பயத்திலயும் நித்திரையில்லாத இரவிலயும் எங்கட அதிரீனற் சுரப்பி விடுற கோட்டிசோலும் அதே வகைச் சாமான்தான். காயம் பட்ட முதல் ரெண்டு மூண்டு நாள் அந்த இடம் சிவந்து, சூடாகி, கொஞ்சம் வீங்கோணும். வெள்ளையணுக்கள் வந்து கிருமியையும் செத்த இழையத்தையும் துப்புரவாக்கிற கட்டம் அது. கோட்டிசோல் அவையைக் கூப்பிடுற இரசாயனச் செய்தியைக் குறைச்சுப்போடும். அதிரினலின் சின்னக் குழாய்களைச் சுருக்கி அந்த இடத்துக்குப் போற ஒட்சிசனைக் குறைக்கும். ரெண்டும் சேர்ந்து இரத்தத்தில சீனியையும் ஏத்தும்.

அதால "மனம் காயத்தை ஆத்தும்" எண்டு சொல்லாதேங்கோ. காயத்தை ஆத்துறது உடம்பு. மனம் கால் வைச்சிருக்கிறது பிறேக்கில. காலை எடுத்தால் வண்டி தன்ரை வேகத்தில ஓடும், அதுக்கு மேலை ஓடாது.

காலை எடுக்கிறது எண்டால் முதல்ல நித்திரை, பிறகு நோவை அடக்கிறது. ஒப்பரேசனுக்குப் பிறகு நேரத்துக்கு எழுதிக் குடுத்த பனடோலை "தாங்கேலும்" எண்டு விடுறது எங்கட ஊரில ஒரு பெருமை. அடக்காத நோ தானே ஒரு பதகளிப்பு. மூச்சை இழுத்து விடவும் விடாது, எழும்பி நடக்கவும் விடாது. 500 மில்லிகிராம் குளிசை ரெண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எண்டு எழுதியிருந்தால் அப்பிடியே குடிக்கோணும். 24 மணித்தியாலத்தில எட்டுக்கு மேலை போகக்கூடாது. மெலிஞ்ச ஆக்களும் ஈரல் வருத்தக்காரரும் வைத்தியர் சொன்ன குறைஞ்ச அளவில நிக்கோணும்.

சுருட்டு, சிகரட் குடிக்கிறவை "ரென்சனுக்குத்தான்" எண்டுவினம். நிக்கொற்றின் அதே குழாயளைச் சுருக்குது. ஒப்பரேசனுக்கு நாலு கிழமை முந்தி விட்டால் பலன் தெரியும். இன்னொண்டு, கிரந்தி, புண்ணைக் கிளப்பும் எண்டு சொல்லி மீன், முட்டை எல்லாத்தையும் நிப்பாட்டி ஆளை ரசஞ்சோத்தில விடுறது. தோல் வளரப் புரதம் வேணும். வைத்தியர் விலக்கச் சொல்லாட்டில் மீன், முட்டை, பருப்பைக் குறைக்காதேங்கோ. இது மனசுக்கு வெளியிலதான், ஆனாலும் பயத்தில தொடங்கிற பத்தியம் எண்டபடியால் எழுதுறன்.


வெள்ளைக்குளிசை:

இரண்டாவது கேள்விக்கு வாறன். மாக்குளிசை பற்றி எல்லாரும் தூக்கிக் காட்டுற எண் 35 வீதம். 1955 இல ஹென்றி பீச்சர் எண்ட அமெரிக்க மயக்க மருந்து வைத்தியர் எழுதின கட்டுரையில வந்தது. அதைச் சபையில சொல்லாமல் விடுங்கோ. அந்தக் கணக்குக்குள்ள தானா மாறின வருத்தங்களும் கலந்து கிடக்கு. வருத்தம் உச்சத்தில நிக்கேக்கதான் சனம் வைத்தியரிட்டைப் போகும். உச்சத்துக்குப் பிறகு எது குடிச்சாலும், ஒண்டும் குடிக்காட்டிலும், கொஞ்சம் இறங்கும். தடிமனுக்குக் கொத்தமல்லி குடிச்சு ஏழு நாளில மாறினது கொத்தமல்லியாலதான் எண்டு சாதிக்கிற மாதிரி.

அதுக்காக மாக்குளிசை முழுக்கப் பிரமையும் இல்லை. 1978 இல கலிபோர்னியாவில லெவின், கோர்டன், பீல்ட்ஸ் எண்ட மூண்டு பேர் கடைவாய்ப்பல்லுப் பிடுங்கினவைக்கு மருந்தில்லாத ஊசி போட்டினம். சிலருக்கு நோ குறைஞ்சுது. பிறகு நலோக்சோன் குடுத்தால் நோ திரும்பக் கூடிச்சுது. நலோக்சோன், நோவடக்கிற மோர்பின் வேலை செய்யிற பூட்டை அடைக்கிற மருந்து. அப்ப, நம்பிக்கையில குறைஞ்ச நோவுக்குப் பின்னால மூளை தானாச் சுரந்த, மோர்பினைப் போல ஒண்டு இருந்திருக்கு. ஏமாத்தாமலும் இது நடக்கும். 2010 இல பொஸ்ரனில, குடல் அடிக்கடி குழம்புற வருத்தக்காரர் 80 பேரில ஒரு பகுதியாருக்கு "இதுக்குள்ள மருந்தில்லை" எண்டு வெளிப்படையாச் சொல்லியே குளிசை குடுத்தினம். மூண்டு கிழமையில 59 வீதமானவை போதிய சுகம் எண்டினம். ஒண்டும் குடுக்காத ஆக்களில அது 35 வீதம்.

ஆனால் நீங்கள் கட்டாயம் சொல்லவேண்டியது 2011 முட்டு ஆய்வு. ஒரே நோயாளிக்கு ஒருநாள் உண்மையான சல்பியூட்டமோல் பம் (மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்தை வாயால இழுக்கிறது), ஒருநாள் வெறும் பம், ஒருநாள் போலி அக்குபங்சர், ஒருநாள் ஒண்டுமே இல்லை. "எவ்வளவு சுகம்?" எண்டு கேட்டால் பதில் 50, 45, 46 வீதம், ஒண்டும் குடுக்காத நாளில 21. கேள்விக்குக் கிடைச்ச பதிலில உண்மைப் பம்முக்கும் வெறும் பம்முக்கும் வித்தியாசமே இல்லை. ஊதவைச்சு அளந்தால் உண்மைப் பம்மில சுவாசம் 20 வீதம் கூடியிருக்கு, மற்ற மூண்டிலயும் 7 வீதமளவில நிண்டிட்டுது. ஆளுக்குச் சுகம், சுவாசப்பை இன்னும் அடைச்சபடி. முட்டுக்காரர் இந்த இடத்திலதான் உயிரை விடுறது.

நோ, குமட்டல், களைப்பு, நித்திரை, பதகளிப்பு: இவை மூளையில தயாராகிறவை, மூளை சொன்னால் கேக்கும். கட்டி, கிருமி, அடைபட்ட குழாய், எலும்பு முறிவு இவை கேக்காது. புற்றுநோய்க்கும் அதேதான். 1989 இல மார்பகப் புற்றுநோய்க்காரர் கூடிக் கதைக்கிற குழுவுக்குப் போனால் ஆயுள் கூடுது எண்டு ஒரு ஆய்வு வந்து பெரிசாப் பேசப்பட்டது. 2001 இல கனடாவில 235 பெண்களில திருப்பிச் செய்தால் ஆயுள் கூடேல்லை. மனச்சோர்வும் நோவும் குறைஞ்சுது. தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆசுப்பத்திரிக்குச் சிகிச்சைக்குப் போய்வாற ஆளுக்கு நோவும் சோர்வும் குறையிறது சின்ன விசயமில்லை. ஆனால் "மனம் வைச்சால் கரையும்" எண்டு சொன்னால், கரையாத ஆளுக்கு "நான் சரியா மனம் வைக்கேல்லை" எண்ட பழியும் சேர்ந்து விழும்.


மூச்சுக்கணக்கு:

பயிற்சி நான் எழுதுறன். கைப்பிடியில்லாத பிளாஸ்ரிக் கதிரை வேண்டாம், நித்திரை தூங்கினால் சரிஞ்சிடுவினம். முதுகு சாய்க்கக்கூடிய கதிரை, ரெண்டு பாதமும் நிலத்தில, ஒரு கை தொப்புளுக்கு மேலை.

இலக்கு நிமிசத்துக்கு ஆறு மூச்சு. சும்மா இருக்கேக்க எங்களுக்கு 12 தொடக்கம் 20 வரை ஓடும். ஒரேயடியா ஆறுக்கு இறக்கினால் வயது போனவைக்கு மூச்சு முட்டும். முதல் கிழமை மூண்டு விநாடி உள்ளை, மூண்டு விநாடி வெளியில. ரெண்டாம் கிழமை நாலுக்கு நாலு. மூண்டாம் கிழமை அஞ்சுக்கு அஞ்சு. ஒருக்கால் பத்து நிமிசம், காலையும் படுக்கப் போகேக்கயும். மூக்காலை உள்ளை, மூக்காலையோ குவிச்ச உதட்டாலையோ வெளியில. நெஞ்சு தூக்கக்கூடாது, வயித்தில வைச்ச கைதான் அசையோணும்.

எண்ணச் சொன்னால் எல்லாரும் ஓடுவினம். "நமசிவாய" அஞ்செழுத்து; எழுத்துக்கு ஒரு விநாடியா மனசுக்குள்ள ஒருக்கால் சொல்லி இழுத்து, ஒருக்கால் சொல்லி விட்டால் கணக்கு நேர். வேதக்காரர் செபமாலையை ஆறுதலாச் சொல்லட்டும். 2001 இல இத்தாலியில அளந்தவை. லத்தீன் மொழியில செபமாலை சொன்னாலும் யோக மந்திரம் சொன்னாலும் மூச்சு நிமிசத்துக்கு ஆறளவில வந்து நிண்டுது, இதயத் துடிப்பின்ரை ஏற்ற இறக்கமும் சீராச்சுது. யாழ்ப்பாணத்தில மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரவர் சமயத்தில பழகின செபம், தியானத்தையே இதுக்குப் பாவிக்கலாம் எண்டு வலியுறுத்தினவர்.

பிழைக்கிற இடங்கள். தலை சுத்தி, விரல் நுனியும் உதடும் விறைச்சால் ஆள் மெதுவா எடுக்கிறன் எண்டு நினைச்சு ஆழமா எடுக்கிறார். காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி வெளியேறுது. நிப்பாட்டி, வழமையான மூச்சில ரெண்டு நிமிசம் விடுங்கோ. பிறகு அதே வேகம், ஆனால் பூவை மணக்கிற அளவு காத்து. மூச்சைப் பிடிச்சு வைக்கிற கும்பகத்தை இந்தச் சபையில சொல்லிக் குடுக்கவே வேண்டாம், பிரஷர்காரரும் இதய வருத்தக்காரரும் இருப்பினம். வயித்தில ஒப்பரேசன் செய்தவை தலையணையைத் தையலுக்கு மேலை அணைச்சுப் பிடிச்சுச் செய்யலாம். முடிஞ்ச உடனை எழும்ப விடாதேங்கோ. பிரஷர் குளிசை குடிக்கிறவைக்குத் தலை கிறுகிறுக்கும், ரெண்டு நிமிசம் இருந்து எழும்பட்டும்.

நடுவில ஒராளுக்கு வேர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்தால் "பயப்படாதேங்கோ, மூச்சை விடுங்கோ" எண்டு சொல்லுறதுக்கு முந்தி விரலில குத்திச் சீனி பாருங்கோ. இன்சுலின், சீனியைக் குறைக்கிற கிளிக்கிளசைட் குளிசை பாவிக்கிறவைக்குச் சீனி இறங்கினாலும் இதே குணம்தான். 70 மில்லிகிராமுக்குக் கீழை எண்டால் மூண்டு தேக்கரண்டி சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடுத்து 15 நிமிசத்தில திரும்பப் பாக்கோணும். நெஞ்சை அமத்தி, கையுக்கோ தாடைக்கோ பரவிற நோ எண்டால் மூச்சுப் பயிற்சியும் இல்லை, சோடாவும் இல்லை, 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கோ.

கண் மூடச் சொல்லுறதிலையும் கவனம். போரைக் கண்ட சனம். சிலருக்குக் கண் மூடினால் பழசெல்லாம் முன்னுக்கு வரும். விரும்பினவை மூடட்டும், மற்றவை நிலத்தில ஒரு புள்ளியைப் பாக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும். "கடற்கரையில இருக்கிற மாதிரி நினையுங்கோ" எண்டு புத்தகத்தில இருக்கிறதை வாசிக்காதேங்கோ. 2004 சுனாமிக்குப் பிறகு கடல் எல்லாருக்கும் ஆறுதல் இல்லை. இடத்தை அவையவையே தெரியட்டும், கீரிமலைக் கேணியோ, வீட்டுப் பின்வளவு மாநிழலோ.

பத்து நிமிசமும் மூச்சில இருக்கேலாதவைக்குத் தசையை இறுக்கித் தளத்துறது லேசு. வலக்கையைப் பொத்தி 5 விநாடி, விட்டு 20 விநாடி. பிறகு இடக்கை, தோள்மூட்டு, முகம், பாதம். பாதத்தில விரலை மேலை இழுக்கோணும், கீழை நீட்டினால் கெண்டைக்கால் பிடிக்கும். இறுக்கேக்க மூச்சைப் பிடிக்கக்கூடாது. காயமுள்ள பக்கத்தைத் தொடக்கூடாது.


ஊர்க்கிணறு:

எதிர்பாத்ததை விடக் கூட வந்திட்டுது, நன்றி. ஒண்டு மட்டும். நல்லூரில செடில் (தோலில கொளுக்கி) குத்துறவைக்கு நோகிறதில்லை, இரத்தமும் பெரிசா வாறேல்லை, பிறகு எப்பிடி மனத்துக்குச் சக்தி இல்லையெண்டுவியள் எண்டு ஆரும் எழும்பிக் கேப்பினம். கந்தசஷ்டி விரதத்தையும் இழுப்பினம். என்ன சொல்லலாம்?


இரணக்கட்டு:

சண்டைக்குப் போகாதேங்கோ, அவை சொல்லுறதில பாதி சரி. பறை, அரோகரா, மாதக்கணக்கா இருந்த நேர்த்தி, எல்லாம் சேர்ந்து நோ குறையிறது நடக்கக்கூடியது, வெள்ளைக்குளிசை மேலை எழுதின அதே வாசல்தான். ஆனால் நோ வேறை, காயம் வேறை. நோகாத செடில் ஓட்டைக்குள்ளயும் கிருமி போகும். ஏற்பூசி (ரெற்றனஸ் தடுப்பூசி) போட்டிருக்கோணும், கொளுக்கி தொற்றுநீக்கினதா இருக்கோணும்.

இது சீனி வருத்தக்காரருக்குத்தான் முழுசாப் பொருந்தும். நரம்பு விறைச்ச காலுக்கு நோ தெரியாது. மதியச் சூட்டு மணலில வெறுங்காலோடை வீதி சுத்திப்போட்டு, பின்னேரம் கொப்புளத்தைக் கண்டுதான் விளங்கும். "நோகேல்லை, அப்ப ஆறுது" எண்டு நினைக்கிறதாலதான் விரல் போறது. காயத்தைச் சுத்திச் சிவப்புப் பரவுது, மணக்குது, கறுக்குது, காய்ச்சல் காயுது, இதில ஒண்டு இருந்தால் அண்டைக்கே ஆசுப்பத்திரி. பத்து நிமிச மூச்சும் செய்யட்டும், ஆனால் அந்தக் காலை ஊண்டாமல் இருந்து செய்யட்டும். உள்ளங்காலில புண்ணை வைச்சுக்கொண்டு நடந்தால் எந்தத் தியானமும் உதவாது.

விரதம்: மெற்போமின் மட்டும் குடிக்கிறவைக்குச் சீனி இறங்கிற ஆபத்துக் குறைவு. கிளிக்கிளசைட், இன்சுலின்காரர் சாப்பிடாமல் அதே அளவு போட்டால் விழுவினம். விரதத்துக்கு முந்தின கிளினிக்கில கேட்டு அளவை மாத்தோணும். தாங்களாக் குளிசையை நிப்பாட்டுறதும் பிழை.


வெள்ளைக்குளிசை:

ஒருத்தரும் கேக்காத ஒண்டு, கூட்டத்துக்கு வாற வீட்டுக்காரருக்கு. நல்ல சொல் நோவைக் குறைக்கிற மாதிரி கூடாத சொல் நோவைக் கூட்டும். 2010 இல பிரசவத்துக்கு வந்த 140 பெண்களுக்கு முதுகில விறைப்பூசி போடமுதல் ஒரு பகுதியாருக்கு "பெரிய தேனி குத்தின மாதிரி இருக்கும், இதுதான் ஆகக் கஷ்ரம்" எண்டினம். மற்றவைக்கு "இந்த இடத்தை விறைக்கப்பண்ணப் போறம், பிறகு சுகமா இருக்கும்". ஒரே ஊசி. பத்துக்கு எத்தினை நோ எண்டு கேட்டால் முதற் பகுதி 5, மற்றது 3. குளிசையிலயும் இது இருக்கு. 2020 இல இங்கிலாந்தில, கொலஸ்ரரோல் குளிசை ஒத்துக்கொள்ளேல்லை எண்டு விட்ட 60 பேருக்கு ஒரு வருசத்தில நாலு மாதம் அற்றோவஸ்டற்றின், நாலு மாதம் மாக்குளிசை, நாலு மாதம் ஒண்டுமில்லை எண்டு மாறிமாறிக் குடுத்துப் பாத்தினம். உபாதைப் புள்ளி மருந்தில 16.3, மாக்குளிசையில 15.4, ஒண்டும் குடிக்காத மாதத்தில 8. முடிவை அவைக்கே காட்டினபிறகு பாதிப்பேர் குளிசையைத் திரும்பத் தொடங்கிச்சினம்.

இப்ப எங்கட ஆசுப்பத்திரி வாட்டில பின்னேரம் பாக்கிற நேரத்தை நினையுங்கோ. தோடம்பழப் பையோடை வந்து கட்டிலடியில நிண்டு, "இப்பிடித்தான் எங்கட பக்கத்து வீட்டு அண்ணைக்கும் சின்ன ஒப்பரேசன் எண்டவை..." எண்டு தொடங்கிறவை. வீட்டில ஒராள் வாசலில நிண்டு அதை மறிக்கோணும். "ஒண்டும் செய்யாது" எண்ட பொய்யும் வேண்டாம், முதல் ஊசியிலயே அது உடைஞ்சுபோம். "நோ வரும், வந்தால் நேர்சிட்டைக் கேள், மருந்து இருக்கு, நாளைக்கு எழுப்பி நடக்க விடுவினம்" எண்டு அடுத்தது என்ன எண்டதைச் சொல்லுங்கோ. முன்னுக்கே தெரிஞ்ச நோவுக்குப் பயம் குறைவு.


கணக்குப்பிள்ளை:

எல்லாம் வாசிச்சன், ஒரு முட்டுக்கட்டை. 13 பேர், 11 பேர் எண்டது சின்ன ஆய்வுகள். அதோடை அவை காட்டுறது மனச்சுமை பிந்தப்பண்ணும் எண்டதை. மூச்சுப் பயிற்சி முந்தப்பண்ணும் எண்டதை இல்லை. ரெண்டையும் ஒண்டாக்காதேங்கோ.


இரணக்கட்டு:

சரியான இடத்தில பிடிச்சிருக்கிறியள். மற்றப் பக்கத்துக்கு இருக்கிறதில நல்லது 2012 இல நியூசிலாந்தில செய்தது. பித்தப்பை ஒப்பரேசனுக்கு முந்தி மூண்டு நாளும் பிந்தி ஏழு நாளும் தளர்வுப் பயிற்சியைக் கேக்கவைச்சினம். அவையின்ரை காயத்தில ஹைட்ரொக்சிபுரொலின் கூடுதலாச் சேர்ந்திருந்தது. அது தோலைக் கட்டிற புரதமான கொலாஜன் கட்டுப்படுறதுக்கு அடையாளம். ஆனால் அதுவும் 60 பேரளவுதான், அளந்தது அந்தப் பொருளை, எத்தினை நாளில தையல் காய்ஞ்சுது எண்டதை இல்லை. அதால ஊர்க்கிணறு, சபையில "ஒப்பரேசனுக்கு மூண்டு நாளாவது முந்தித் தொடங்கினால் நோவும் பயமும் குறையும், காயத்துக்கும் உதவக்கூடும்" எண்டமட்டில நிப்பாட்டுங்கோ. நாள் கணக்குச் சொல்லவேண்டாம்.


மூச்சுக்கணக்கு:

ஒரு சின்ன விசயம் விட்டுப்போச்சு. கூட்டத்தைப் பின்னேரம் நாலு மணிக்கு வையாதேங்கோ. மத்தியானம் இன்சுலின் போட்டவைக்குச் சீனி இறங்கக்கூடிய நேரம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒன்பதரை போல வையுங்கோ. விநாடி முள்ளுள்ள பெரிய சுவர் மணிக்கூடு ஒண்டும், சீனி பாக்கிற மெசினும், ஒரு போத்தில் சீனித்தண்ணியும் மேசையில இருக்கட்டும்.